குறுகிய வளவிற்கேற்ற நாயைத் தெரிந்தெடுத்தல்

நெல், வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு என்பன பற்றிய பிரசுரங்களை இவ்வரிசையிற் படித்துப் பழகிய கமக்காரர்கள், நாயைப் பற்றிய பிரசுரம் ஒன்றைக் கண்டு வியப்படையக்கூடும். ஆயினும் கமக்காரர் வீடுகளுள் நாயில்லாத வீடு அரிது. வயற்காவலுக்குத் துணையாகச் செல்வது நாய். மாட்டுக் கொட்டிலின் வாயிலிற் படுப்பது நாய். இரவிலே தோட்டத்துள் முள்ளம்பன்றி புகுந்ததை முதலில் அறிவிப்பதும் நாயே. அவ்வாறிருந்தும், விதைநெல்லைத் தெரிந்தெடுப்பதில் எடுக்கும் கவனத்திற் பத்திலொரு பங்கையேனும் நாயைத் தெரிந்தெடுப்பதில் நாம் எடுப்பதில்லை. ஒருவர் தரும் குட்டியை இரக்கத்தினால் ஏற்றுக்கொள்கிறோம். அல்லது பட்டினத்திற் கண்ட பெரிய நாயின் தோற்றத்தில் மயங்கிப் பெரும்பணம் கொடுத்து வாங்குகிறோம். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் நம்முடன் வாழப்போகும் பிராணி அது என்பதை அப்பொழுது நினைப்பதில்லை.

முன்னைய நாளில் இத்தவறு பெரிதாகத் தோன்றவில்லை. வளவுகள் பரந்து கிடந்தன; நாய் தன் விருப்பம்போல் ஓடித் திரிந்தது. இன்று வளவுகள் பிள்ளைகளுக்குள் பிரிந்து பிரிந்து, வீடும் கிணறும் போக எஞ்சிய இடம் சிறிதாகிவிட்டது. வீடமைப்புத் திட்டங்களிலே அயல்வீட்டுச் சுவர் நம் சுவரிலிருந்து சில அடி தூரத்திலேயே நிற்கிறது. மலைநாட்டில் லயன்களிற் குடியிருந்து, அயலிலுள்ள துண்டு நிலங்களிற் கோவா, கரட், லீக்ஸ் பயிரிடுவோருக்கு முற்றம் என்பது பெரும்பாலும் ஒரு நடைபாதையே. பாட்டனாரின் பரந்த வளவிற்கு ஏற்றதாயிருந்த நாய் பேரனின் குறுகிய வளவிற்கு ஏற்றதாகும் என்று கொள்ளல் இயலாது. பொருந்தாத நாய் பாத்திகளைக் கிண்டும், அயலாரைக் கடிக்கும், வீட்டுச் செலவை ஏற்றும். தடுப்பூசியும் இல்லையேல் உயிருக்கே ஆபத்தாக முடியும்.

முதலிற் கேட்கவேண்டிய கேள்வி

எந்த இனம் நல்லது என்பது இரண்டாவது கேள்வி. அந்நாய் யாது வேலை செய்தல் வேண்டும் என்பதே முதலாவது கேள்வி. பகலிற் குரங்கையும் மயிலையும் விரட்டவா, இரவிற் பன்றி வருவதை அறிவிக்கவா, ஆள் நடமாட்டத்தைத் தெரிவிக்கவா, அன்றி வீட்டுப் பிள்ளைகளுக்குத் துணையாக இருக்கவா? இவை வெவ்வேறு தொழில்கள். இவை யாவற்றையும் ஒரே நாய் செய்யுமென எதிர்பார்ப்பவர் ஏமாற்றமடைவர்.

காட்டுப் பன்றியைப் பொறுத்தவரை நாயின் பணி குரைத்தலேயன்றிப் போரிடுதல் அன்று. பன்றியின் கொம்புப்பல் நாயின் வயிற்றைக் கிழித்துவிடும். பெரிய நாயாயின் பன்றியை வெல்லும் என்று எண்ணி வாங்குவோர் உளர். பெரிய நாய்க்குப் பெரிய காயமே மிச்சம். முள்ளம்பன்றியை நெருங்கிய நாயின் முகத்திலும் மார்பிலும் முட்கள் ஏறி, முறிந்து உள்ளே தங்கிச் சீழ்பிடிப்பதுண்டு. ஆகவே வேலிக்கு உள்ளே நின்று உரக்கக் குரைக்கும் நாயே தோட்டத்திற்குப் பயன்படும். வேலியைத் தாண்டிப் பாயும் நாய் நெடுநாள் வாழாது. பன்றிக்கென வைக்கப்படும் கம்பித் தடங்களிலும், உணவினுள் மறைத்து வைக்கப்படும் வெடியிலும் முதலில் அகப்படுவது அதுவே.

யானை நடமாடும் ஊர்களில் நாயை அழைத்துக்கொண்டு இரவிற் காவலுக்குச் செல்லலாகாது. யானையைக் கண்ட நாய் முன்னே ஓடிக் குரைக்கும். யானை சினந்து துரத்தியதும் திரும்பி, தன் எசமானின் காலடியைத் தேடியே ஓடிவரும். யானையும் பின்னே வரும். நாயைக் காவற்பரணுக்கு அருகே கட்டிவைத்தலும், தானே வீட்டில் விட்டுச் செல்லலும் இதனினும் மேலானவை. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களை அண்டிய இடங்களிற் சிறுத்தை நாயை இரையாகக் கொள்வது வழக்கம். அங்கு இரவில் வெளியே சங்கிலியிற் கட்டப்பட்ட நாய், சிறுத்தைக்கு வைத்த இரையை ஒக்கும். அத்தகைய இடங்களில் நாய் இரவிற் கதவுள்ள கொட்டிலிலோ வீட்டினுள்ளோ அடைக்கப்படல் வேண்டும். அவ்வாறு அடைக்க இடமுண்டா என்பதை நாயை வாங்குமுன்னரே பார்த்தல் நன்று.

இடமும் உடலும்

குறுகிய இடத்திற்குச் சிறிய நாயே ஏற்றதென்பது பொதுவான எண்ணம். அது பாதி உண்மை. நாய் ஒன்று நாளின் பெரும்பகுதியை உறக்கத்திலும் படுக்கையிலுமே கழிக்கும்.  அதற்கு வேண்டியது இடம் அன்று, நடை. நாள்தோறும் காலையும் மாலையும் அரைமணி நேரம் வரம்பு வழியே எசமானோடு நடந்துவரும் நாய் சிறிய முற்றத்திலும் அமைதியாகக் கிடக்கும். நடையில்லாத நாய் நாலேக்கர் வளவிலும் வேலியோரம் ஓடி ஓடிக் குரைக்கும். எனவே, தெரிந்தெடுக்கும்போது நாயின் உயரத்தைப் பார்க்குமுன் அதன் வேகத்தைப் பார்க்க வேண்டும். ஓயாது வேலை தேடும் இனங்கள் உள. உண்டபின் உறங்கும் இனங்களும் உள. மேனாடுகளில் ஓட்டப் பந்தயத்தினின்று ஓய்வுபெற்ற கிறேகவுண்ட் நாய்கள் தொடர்மாடி வீடுகளில் யாருக்கும் தொல்லையின்றி வாழ்கின்றன. நாயினங்களுள் மிக விரைந்தோடுவது அதுவே. வீட்டினுள் மிகச் சோம்பலானவற்றுள் ஒன்றும் அதுவே.

நாயைக் குட்டியிலிருந்தே சங்கிலியிற் கட்டி வளர்த்தால் அது மூர்க்கமாகிச் சிறந்த காவல் நாயாகும் என்னும் நம்பிக்கை நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. இதனால் விளையும் தீமையைச் சற்று விரித்துக் கூறுதல் தகும். பெரும்பாலும் நடப்பது இது. கமக்காரர் ஒருவர் அல்சேசன் குட்டி ஒன்றை வாங்குகிறார். ஐந்தாறு மாதத்தில் அது பெரிதாகி வெங்காயப் பாத்தியில் ஓடுகிறது, கோழியைத் துரத்துகிறது. ஆகவே மாமரத்தடியில் ஆறடிச் சங்கிலியிற் கட்டப்படுகிறது. நடையில்லை, பேச்சில்லை, தெருவாற் செல்லும் ஒவ்வொருவரும் அதற்குப் பகைவராகத் தோன்றுகின்றனர். ஓராண்டின் பின் அது வீட்டுக்காரரைத் தவிர எவரையும் அணுகவிடுவதில்லை. கமக்காரர் இதைக் கண்டு மகிழ்கிறார். ஒருநாள் சங்கிலி அறுகிறது. அன்று வளவிற்குள் வருபவர் கள்ளர் அல்லர். பந்து எடுக்க வந்த அயல்வீட்டுப் பிள்ளை. அதன்பின் வைத்தியச் செலவும் வழக்கும் ஒருபுறமிருக்க, இரு குடும்பங்களும் வாய்க்கால் நீரைப் பங்கிடும்போதுகூட முகம் பார்ப்பதில்லை.

கட்டப்பட்ட நாய் காவலும் செய்வதில்லை. குரங்கு சங்கிலியின் நீளத்தை ஒரே நாளில் அளந்துவிடும். பின்னர் அதற்கு ஓரடி அப்பால் அமர்ந்து தக்காளியைத் தின்னும். கட்டியே ஆகவேண்டும் எனின், தோட்டத்தின் ஓரமாக இரு கட்டைகளுக்கிடையே கம்பி ஒன்றை இழுத்துக் கட்டி, அதில் ஒரு வளையத்தைக் கோத்து, அவ்வளையத்திற் சங்கிலியைப் பிணைத்து விடலாம். நாய் கம்பியின் நீளம் முழுவதும் ஓடித் திரியும். தோட்டத்தின் ஒரு பக்கம் முழுவதும் காவலாகும். கம்பியின் ஒரு முனையில் நிழலும் நீரும் இருத்தல் கட்டாயம்.

இனங்கள்

அல்சேசன் நாய் யேர்மனியில் ஆட்டு மந்தைகளை மேய்த்தற்காக உருவாக்கப்பட்டது. கடுவன் 30 முதல் 40 கிலோகிராம் வரை நிறையுள்ளது. அறிவில் இதனை மிஞ்சுவன சிலவே. ஆனால் மேய்ப்பு நாயாகையால் அதற்கு நாள்முழுதும் வேலை வேண்டும். வேலையின்றேல் தானே வேலை தேடிக்கொள்ளும். அது நமக்கு விருப்பமான வேலையாயிராது. இதன் உரோமம் இரட்டை அடுக்குடையது. நுவரெலியாவிலும் வெலிமடையிலும் அது நாய்க்கு நன்மையாகும், வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் சித்திரை வெயிலிற் சுமையாகும். இடுப்பு மூட்டுக் குறைபாடு இவ்வினத்திற் பரம்பரையாக வருவதுண்டு.

டோபர்மன், யேர்மனியில் வரி அறவிட்ட ஒருவர் தம் பாதுகாப்பிற்காக உருவாக்கிய இனம். அவருடைய பெயரையே கொண்டுள்ளது. உரோமம் குறுகியதாகையால் வெப்பத்தைத் தாங்கும், மலைநாட்டுக் குளிரைத் தாங்காது. தனியே விடப்படின் மிக வருந்தும். றொட்வைலர் மாடு சாய்த்துச் செல்லப் பயன்பட்ட நாய். 50 கிலோகிராம் வரையும் வளரும். நாய்ப் பழக்கத்தில் தேர்ச்சியில்லாதவரும், சிறு பிள்ளைகளும் முதியோரும் உள்ள குறுகிய வளவினரும் இவ்விரண்டையும் வாங்காதிருத்தல் நலம். இவ்வினங்கள் கெட்டவை அல்ல. ஆயினும் இவை தவறும்போது அத்தவறு பெரிதாயிருக்கும்.

லபிறடோர் நாய் நியூபவுண்ட்லாந்து மீனவர்களுக்கு உதவிய நாய்களின் வழிவந்தது. பிள்ளைகளோடு இதனைப்போற் பொறுமையாக இருக்கும் இனம் அரிது. நீரைக் கண்டால் நில்லாது. நாற்றுமேடைக்கு நீர் கட்டிய நாளில் இதனை அவிழ்த்துவிடுபவர் மீண்டும் விதைக்க வேண்டியிருக்கும். கள்ளரையும் வாலாட்டி வரவேற்பதாக இதன்மீது ஒரு குற்றச்சாட்டு உண்டு. அது முற்றிலும் பொய்யன்று. உணவில் அளவறியாதாகையால் விரைவிற் கொழுத்துவிடும்.

சிறிய இனங்களுள் நம் நாட்டில் மிகுதியாகக் காணப்படுவது பொமறேனியன். வீட்டினுள் வளர்க்கவும் குறைந்த உணவில் வளர்க்கவும் ஏற்றது. ஆனால் அதன் அடர்ந்த உரோமத்தைச் சேறும் உண்ணியும் நெருஞ்சி முள்ளும் உள்ள கமக்காரர் வளவிற் பேணுதல் எளிதன்று. அன்றியும், அது இலை விழுந்தாலும் குரைக்கும். எதற்கும் குரைக்கும் நாயின் குரலை மூன்றாம் நாள் வீட்டாரே கேட்பதில்லை. அயலார் மாத்திரம் கேட்டுக்கொண்டிருப்பர். குறுங்கால்களையுடைய டக்சன், வளையினுள் வாழும் பிராணிகளைத் தோண்டிப் பிடிப்பதற்கென்றே உருவாக்கப்பட்ட இனம். பெருச்சாளி மிகுந்த வளவில் அது மகிழ்ச்சியோடு வேலை செய்யும்; கரட் பாத்தியிலும் அதே மகிழ்ச்சியோடு வேலை செய்யும். அதன் நீண்ட முதுகு எளிதிற் பழுதடையுமாகையாற் படியேறவும் குதிக்கவும் விடலாகாது. பக் முதலிய தட்டை முக நாய்கள் மூச்சு வாங்கவே இடர்ப்படுவன. நாய் உடல் வெப்பத்தைப் பெரும்பாலும் வாயால் இளைத்தே போக்கும். மூக்குக் குறுகிய நாய்க்கு அவ்வழியும் குறுகியது. உலர் வலயத்திற் பகல் வெயிலில் அவை மயங்கி விழுந்து இறப்பதுமுண்டு.

இனி நம் ஊர்நாய். இதற்கு விலையில்லாமையால் மதிப்புமில்லை. ஆயின் குறுகிய வளவையுடைய கமக்காரருக்கு ஏற்ற நாய் யாதெனின், பத்தில் ஒன்பது பேருக்கு இதையே பரிந்துரைக்கத் தோன்றுகிறது. நடுத்தர உடல், குறுகிய உரோமம், நீண்ட மூக்கு, நம் வெயிலுக்கும் மாரிக்கும் தலைமுறை தலைமுறையாகப் பழகியது. வெளியாரைக் கண்டாற் குரைக்கும், பின்வாங்கவும் அறியும். 35 கிலோகிராம் நிறையுள்ள அல்சேசன் உண்பதில் ஏறத்தாழப் பாதியே 15 கிலோகிராம் நிறையுள்ள ஊர்நாய்க்குப் போதும். இதன் பெருங்குறை அலைந்து திரிதல். அது நாயின் இயல்பு என்பதிலும் நம் வளர்ப்பு என்பதே பொருந்தும். மூன்று வேளையும் பிறர் வீட்டுக் குப்பையை நம்பவேண்டிய நாய் அலையாமல் என்செய்யும்? நல்லினத்துக் கடுவனோடு கலந்து பிறந்த குட்டிகளை விரும்புவோர் பலர். கலப்பினால் இரு இனத்தின் நன்மையும் வரலாம், இரு இனத்தின் குறையும் வரலாம். குட்டியைப் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும்.

கொழும்பில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி முதலிய இடங்களிற் தொடர்மாடி வீடுகளில் வாழும் மக்கள், ஊரிலுள்ள பெற்றோரிடம் குட்டி ஒன்று கேட்டெழுதுவதுண்டு. காவல் நாயின் குட்டியை அங்கு அனுப்பலாகாது. அந்நிலையில் வேண்டியது குரைக்காத, தனிமையைத் தாங்கும், அந்நியரோடு படிக்கட்டிற் செல்லக் கூசாத நாய். ஈராண்டு கடந்த, குணம் வெளிப்பட்ட நாயைக் கொடுப்பது குட்டியைக் கொடுப்பதிலும் பாதுகாப்பானது. கட்டட நிருவாகத்தினரின் அனுமதியை முன்னரே பெறுமாறும், நாள்தோறும் இருமுறை கீழே அழைத்துச் செல்ல ஆளுண்டா என்று பார்க்குமாறும் எழுதிவிடுக. ஆளில்லையாயின் மீன் வளர்க்கலாம்.

குட்டியைப் பார்வையிடல்

எட்டு வாரத்திற்கு முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கலாகாது. கடிக்கும் அளவை ஒரு குட்டி தன் உடன்பிறந்தவற்றோடு விளையாடும்போதே கற்கிறது. ஐந்து வாரத்தில் பிரித்தெடுக்கப்பட்ட குட்டி அதைக் கல்லாமலே வளரும்.

குட்டியைப் பார்க்குமுன் தாயைப் பாருங்கள். தாயை ஒளித்துவைத்துக் குட்டியை மாத்திரம் காட்டுபவரிடம் வாங்காதீர்கள். அந்நியரைக் கண்டு தாய் அஞ்சி நடுங்கினாலும், காரணமின்றிப் பாய்ந்து கடிக்க முற்பட்டாலும் அக்குணம் குட்டியில் வரக்கூடும். பின்னர்க் குட்டிகளைச் சற்றுத் தூரத்தில் நின்று கவனியுங்கள். கைதட்டினால் சிறிது திடுக்கிட்டு, பின் ஆர்வத்தோடு வந்து பார்ப்பதே நல்ல குட்டி. மூலையில் ஒதுங்குவதை இரக்கத்தினால் எடுக்கவேண்டாம். அச்சமுள்ள நாயே பிற்காலத்தில் மிகுதியாகக் கடிக்கிறது. எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு முன்னே வருவதும் குறுகிய வளவிற்கு ஏற்றதன்று. நடுவிலுள்ளதை எடுங்கள். கண்ணிற் பீளையும் மூக்கிற் சளியும் இல்லாமை, முரசு வெளிறாமை, கால்கள் நேராயிருத்தல் என்பவற்றைப் பாருங்கள். உடல் மெலிந்து வயிறு மட்டும் பருத்திருப்பின் புழு மிகுந்துள்ளது என்பது பொருள். அது மருந்தினால் தீரும்.

கடுவனா பெட்டையா என்பதிற் பலர் கடுவனையே விரும்புவர். குறுகிய வளவிற்குப் பெட்டையே நல்லதென்பது எமது கருத்து. அது குறைவாக அலையும், வீட்டோடு ஒட்டியிருக்கும். குட்டி ஈனும் தொல்லை பற்றிப் பின்னர்க் கூறுவோம்.

உணவும் நஞ்சும்

சோறும் குழம்பும் மாத்திரம் உண்ணும் நாய் உயிர்வாழும், வலிமையுறாது. சோற்றோடு மலிவான மீன், முட்டை, அவித்த இறைச்சிக் கழிவு, பருப்பு என்பவற்றுள் ஒன்று நாள்தோறும் சேரவேண்டும். கருவாட்டை ஊறவைத்து உப்பைப் போக்கிய பின்னரே கொடுக்கலாம். வேகவைத்த கோழி எலும்பு கூராகப் பிளந்து குடலைக் குத்தும்.

வெங்காயச் செய்கையாளர் சிறப்பாகக் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. வெங்காயமும் உள்ளியும் நாய்க்கு நஞ்சாகும். அவை பச்சையாயினும் சமைத்தனவாயினும் நாயின் செங்குருதிக் கலங்களை அழித்துச் சோகையை உண்டாக்குகின்றன. வெங்காயம் வதக்கிய கறி மிச்சத்தை நாள்தோறும் நாய்க்கு ஊற்றுதல் கூடாது; அறுவடைக் காலத்திற் கழித்த வெங்காயக் குவியலருகே குட்டியைக் கட்டவும் கூடாது. முந்திரிகைப் பழமும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். யாழ்ப்பாணத்து முந்திரிகைப் பந்தலின் கீழ் உதிர்ந்தவற்றை நாய் பொறுக்காதவாறு பார்த்துக்கொள்க.

வயலில் எலிக்கு நஞ்சிட்ட நாட்களில் நாயைக் கட்டிவைத்தல் வேண்டும். நஞ்சுணவை மாத்திரமன்றி, நஞ்சுண்டு இறந்த எலியைத் தின்றும் நாய் இறக்கும். தெளிகருவியைக் கழுவிய நீர் தேங்கும் இடத்தில் நாய் நீர் குடிக்க விடலாகாது; தெளித்த பயிரினூடே ஓடிவந்த நாயைக் குழந்தைகள் தழுவமுன் சவர்க்காரமிட்டுக் கழுவுக.

பாத்தியும் நாயும்

நாய் பாத்தியைக் கிண்டுவது குறும்பினால் மாத்திரமன்று. எலும்புத்தூளும் மீன்கழிவும் இட்ட பாத்தி அதற்கு உணவு புதைத்த இடமாகவே மணக்கும். அத்தகைய பசளையை ஆழமாகக் கலந்து, நாற்று நட்டபின் சில நாட்களுக்குப் பனையோலையோ முட்கிளையோ மேலே பரப்பிவிடல் போதும். நண்பகலில் ஈரப்பாத்தியிற் படுப்பது குளிர்ச்சிக்காக. மரநிழலில் ஒரு சிறு குழிவெட்டி மணலிட்டு நீர் தெளித்துவிடின் அது அங்கேயே படுக்கும். அடித்துத் திருத்துவதினும் இது எளிது.

நாயின் மலத்தைக் கூட்டெருக் குழியில் இடலாகாது. அதிலுள்ள வட்டப்புழு, கொளுக்கிப்புழு ஆகியவற்றின் முட்டைகள் மண்ணிற் கலந்து, வெறுங்காலுடன் களை பிடுங்குவோரையும் மண்ணில் விளையாடும் பிள்ளைகளையும் பீடிக்கும். வல்லாரை, பொன்னாங்காணி போன்று பச்சையாகச் சம்பலிடும் இலைகள் வளரும் இடத்தில் நாய் செல்லாதவாறு தட்டி கட்டுதல் அவசியம். மாடு வளர்ப்போர், கன்று ஈன்றபின் விழும் இளங்கொடியை நாய்க்கு எறியும் வழக்கத்தைக் கைவிடல் வேண்டும். பசுக்களிற் கருச்சிதைவை உண்டாக்கும் ஒருவகை நுண்ணுயிர் நாயின் குடலில் வளர்ந்து, அதன் மலத்தின் வழியே மாட்டுத் தீவனத்திற் கலக்கிறது. இளங்கொடியை ஆழப் புதைப்பதே முறை.

எலிக்காய்ச்சல் முதன்மையாக எலியின் சிறுநீரால் வயலிற் பரவுவதாயினும், நாயும் அந்நோயின் கிருமியைத் தன் சிறுநீரிற் கழிக்கக்கூடும். நாய் படுக்கும் இடத்தைக் கிணற்றடியிலிருந்து விலக்கி அமைத்தல் நன்று.

விசர்நோய்

இலங்கையில் 1973ஆம் ஆண்டில் விசர்நாய்க்கடி நோயினால் 377 பேர் இறந்தனர். நாய்களுக்கு ஊசி ஏற்றியமையாலும் கடியுண்டோருக்கு உரிய காலத்தில் மருந்தேற்றியமையாலும் அண்மைய ஆண்டுகளில் இத்தொகை இருபது, முப்பது என்னும் அளவிற்கு இறங்கியுள்ளது. எஞ்சிய இம்மரணங்களும் தவிர்க்கக்கூடியனவே. நோயின் அறிகுறி மனிதரிடத்துத் தோன்றியபின் அதற்கு மருந்தில்லை என்பதை மறவாதிருப்போமாக.

நாய்க்கு ஆண்டுதோறும் ஊசி ஏற்றல் வேண்டும். குட்டி சிறிது என்று விட்டுவிடலாகாது. மூன்று மாதத்திற்கு உட்பட்ட குட்டிகளுக்கும் ஊசியுண்டு. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையினால் இவ்வூசி இலவசமாக ஏற்றப்படுகிறது. நாளையும் இடத்தையும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் அறிந்துகொள்ளலாம். ஊர்நாய்க்கு இந்நோய் வராதென்றும், வளவைவிட்டு வெளியே செல்லாத நாய்க்கு ஊசி வேண்டியதில்லை என்றும் கூறுவோர் உளர். நரி, கீரி, மரநாய், பூனை என்பனவும் இந்நோயைக் கொண்டுவரும். அவை வேலிக்கு உள்ளேயும் வரும்.

விசர் பிடித்த நாய் யாவும் வெறிகொண்டு ஓடுவதில்லை. சில நாய்கள் ஒடுங்கி இருளிற் படுக்கும், கீழ்த்தாடை தொங்கும், வாய்நீர் வடியும், விழுங்க இயலாது தவிக்கும். தொண்டையில் எலும்பு சிக்கியதென்று எண்ணி வாயினுட் கைவிட்ட எசமானர்கள் உளர். மாடும் இவ்வாறே கிழங்கு சிக்கியதுபோலத் தவிப்பதுண்டு. இவ்வறிகுறியைக் கண்டால் வாயைத் தொடாது மிருக வைத்தியரை அழையுங்கள்.

கடிபட்டாலோ, நகம் கீறினாலோ, காயத்தில் நாயின் வாய்நீர் பட்டாலோ, உடனே ஓடும் நீரிற் சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடம் இடைவிடாது கழுவவேண்டும். இந்நோயின் கிருமி காயத்திலேயே பெருமளவு அழிவது இதனாற்றான். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், புகையிலை, பச்சிலை எதனையும் வைத்தலாகாது. கழுவியதும் அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்க. வேலை முடிந்தபின் போகலாம், நாளை போகலாம் என்று அறுவடைக் காலத்தில் தாமதிப்பவரே பின்னர் இத்தொகையிற் சேர்கின்றனர். இரண்டு மாதக் குட்டியின் பல் கீறியதையும் சிறிதென்று எண்ணலாகாது. கடித்த நாயை அடித்துக் கொல்லாதீர்கள். கட்டிவைத்து 14 நாட்கள் கவனிக்கவேண்டும். அதற்குள் அது இறப்பின், தலையைக் கொழும்பிலுள்ள வைத்திய ஆராய்ச்சி நிறுவகம் போன்ற இடங்களிற் பரிசோதித்து நோயை உறுதிசெய்யலாம். அதற்கு முன் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவித்து அவர் கூறியவாறு செய்க. ஊசி ஏற்றிய அட்டையைக் காணி உறுதி வைக்கும் பெட்டியிலேயே வைத்திருங்கள். 1901ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி நாயை உள்ளூராட்சி மன்றத்திற் பதியும்போதும் அது உதவும்.

இனிப் பெட்டையின் செய்தி. அது ஏறத்தாழ ஆறு மாதத்திற்கு ஒருமுறை பருவமடையும். 63 நாட்களளவில் ஈனும். ஐந்தாறு குட்டிகளுக்கு வீடு தேடுவது எளிதன்று. சந்தைக்கு அருகிலும் கோயில் வீதியிலும் இரவோடிரவாக விடப்படும் பெட்டைக் குட்டிகளே, ஈராண்டில் ஊசியற்ற கட்டாக்காலி நாய்க் கூட்டமாகி நம் ஆட்டையும் கோழியையும் தேடி வருகின்றன. முதற்பருவம் வருமுன், ஆறாம் மாதமளவில், கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்வித்துவிடலாம். அரசாங்க மிருக வைத்தியர் பணிமனையில் இதற்கான நாட்களைக் கேட்டறிக. சத்திரசிகிச்சைக்கு முந்திய இரவு நாய்க்கு உணவு கொடாதீர்கள். பின் பத்து நாட்கள் வயற் சேற்றில் இறங்க விடாதீர்கள்.